உப்பு மூட்டை வைத்த ராத்திரி

ராத்திரி பதினொன்றரை மணி. ஊருக்கு மேற்கே, பழைய உப்பளங்களை ஒட்டிப் போகிற ரோடு. ஒரு கைப்பக்கம் ஓடைத்தெரு, மறு கைப்பக்கம் தங்கக்கனி நகர். நடுவில் ரோடு மட்டும் மேடாகக் கிடக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை. தூறல்... நாய்கூட வெளியே இல்லை. அந்த ரோட்டில் செந்தூர்வேல் தனியாக நடந்து போகிறான். குடை கிடையாது, காலில் செருப்பு கிடையாது. அவனுக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ இடுப்பளவு தண்ணீரில் நடந்து போகிற சத்தம். சளக்... சளக்... கொஞ்சம் நிற்கிறது. மறுபடியும் சளக்...

ரோட்டில் தண்ணீரே இல்லை.

ஏ ஜாபேஸ், அந்த செல்போன் வெளிச்சத்தை அணை. கரண்ட் எப்போது வரும் என்று ஈபிக்காரனுக்கே தெரியாது, சார்ஜை மிச்சம் பிடி. எல்லாரும் இப்படி நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாரும் 'அப்புறம், அப்புறம்' என்று பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் நிறுத்திவிடுவேன், எனக்குக் கோபம் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

செந்தூர்வேல் வேறு யாருமில்லை, நம் ஜெயகணேஷின் பெரியம்மா மகன். ஜெயகணேஷ் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். செந்தூர்வேலுக்கு உப்பு வியாபாரம். அளங்களில் வாங்கி, குடோனில் மூட்டை பிடித்து, லாரி ஏற்றி அனுப்புகிறவன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கோவில் கொடைக்குக் கேட்டால் முதல் ஆளாகத் தருவான். நான் சொல்லப்போகிற இந்தக் கதையை அவன் வாயால் ஊருக்குள் சொன்னதில்லை. அவன் சம்சாரம் அனுசியா ஜெயகணேஷிடம் சொல்லி அழுதாள், ஜெயகணேஷ் என்னிடம் சொன்னான்.

நம் ஊர்க்காரர்கள் வெள்ளத்தைச் சொந்தக்காரனை மாதிரி வருஷம் சொல்லித்தான் பேசுவார்கள். தொண்ணூற்றிரண்டு என்பார்கள். பதினைந்து என்பார்கள். இருபத்தொன்று என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், சுவரில் தண்ணீர் நின்ற கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிற ஊர் இது. ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பிறகும் நடக்கிற காரியம் ஒன்றுதான். ரோட்டை ஓர் அடி ஏற்றிப் போடுவார்கள். ரோடு ஏறினால் வீடு தாழ்ந்து போகும். வசதி உள்ளவன் வீட்டை ஏற்றுவான், இல்லாதவன் கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைப்பான். அடுத்த வெள்ளம் யார் வீட்டுக்குப் போகும் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

தங்கக்கனி நகர் ஒரு காலத்தில் உப்பளம். மேற்கே இருந்து வருகிற தண்ணீர் எல்லாம் ஓடைத்தெரு வழியாக வந்து, அந்த அளத்தின் மேல் பரவி, கடலுக்குப் போகும். அளத்தை மண் அடித்து மேடாக்கி வீட்டு மனை போட்டார்கள். தண்ணீருக்கு வழி வேண்டுமே? ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் பதித்தார்கள். ஓர் ஆள் குனிந்து நுழையலாம், அவ்வளவுதான். ஓடைத்தெருவில் விழுகிற மழை முழுக்க அந்தக் குழாய் வழியாகத்தான் தங்கக்கனி நகருக்கு வந்து, அங்கிருந்து வடிய வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்று, டிசம்பர். ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது உங்கள் எல்லாருக்கும் தெரியும், நீங்களும் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே. பொழுது சாயும்போது தங்கக்கனி நகரில் கணுக்கால் தண்ணீர். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்கு முட்டளவு. மேற்கே குளங்கள் உடைகின்றன என்று போனில் செய்தி மேல் செய்தி. செந்தூர்வேல் வீட்டு வாசல்படியில் தண்ணீர் ஏற இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

தெரு ஆண்கள் ஆறேழு பேர் குடையைப் பிடித்துக்கொண்டு கூடிவிட்டார்கள். ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் அருணாசலவடிவு அண்ணாச்சிதான் முதலில் சொன்னார், குழாயை அடைத்துவிட்டால் நம் பக்கம் ஏறாது என்று. அந்தப் பக்கம் ஏறுமே என்று யாரும் கேட்கவில்லை. மணல் மூட்டைக்கு எங்கே போவது என்றுதான் கேட்டார்கள். அந்த நேரத்தில் மணலும் இல்லை, லாரியும் இல்லை. செந்தூர்வேல் தெருக்கோடியில் இருக்கிற தன் குடோனைக் கைகாட்டினான். அண்ணாச்சி சிரித்துவிட்டார். உப்பு மூட்டையைத் தண்ணீரில் வைத்தால் கரைந்து போகாதா, வேலே?

"கரையட்டும் அண்ணாச்சி. விடியிறவரைக்கும் தாங்குனா போதும். கரைஞ்ச பொறவு யாரு வச்சான்னு எவனுக்குத் தெரியும்?"

எல்லாரும் அவன் புத்தியை மெச்சினார்கள். அவனுக்கும் தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்துத்தான் இன்றைக்கும் அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்று அனுசியா சொன்னாள்.

மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஓடைத்தெருப் பக்கத்துக் குழாய் வாயில் இறக்கினார்கள். மூட்டையை வாய்க்கு நேரே விட்டதும் தண்ணீரே அதை இழுத்து ஒட்டிக்கொண்டது. ஒன்று... அதன் மேல் ஒன்று... இரைச்சல் குறைந்து, ஒரு விக்கல் மாதிரி கேட்டு, நின்றுவிட்டது. அந்த மூட்டைகளின் வாயைத் தைத்தது யார் தெரியுமா? முத்துக்கனி. ஓடைத்தெருக்காரி. செந்தூர்வேலின் குடோனில் பதினாலு வருஷமாகக் கோணி ஊசியும் கையுமாக இருந்தவள். அவள் தையல் போட்டால் பிரியாது என்று லாரிக்காரர்களே சொல்வார்கள். அவள் புருஷன் சிவனாண்டி துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், வயதானவர். அன்றைக்கு அவர் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் முத்துக்கனி மட்டும்.

வீட்டுக்குத் திரும்பி, துவட்டிக்கொண்டு படுத்தான். வாசல்படியில் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. அனுசியாவிடம் காட்டினான், அவளும் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். கண் அசந்திருக்கும்... வாசல் கதவில் சத்தம்.

தப்... தப்... தப்...

விரலால் தட்டுகிற சத்தம் அல்ல. நனைந்த உள்ளங்கையால் மரத்தை அடிக்கிற சத்தம். மழை இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண் குரல்.

"அண்ணாச்சி... அண்ணாச்சி..."

அனுசியா எழுந்துவிட்டாள். செந்தூர்வேல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. கட்டிலோரம் இருந்த சார்ஜ் லைட்டை அணைத்தான். ஏன் என்றால், திறந்தால் அவள் கேட்பாள். கேட்டால் எடுக்க வேண்டும். எடுத்தால் தண்ணீர் வரும். புது டைல்ஸ், புது பிரிட்ஜ், கீழ் அலமாரி நிறையப் பட்டுச்சேலை... எல்லாம் அவன் தலைக்குள் ஓடியது. வெளியே தட்டல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு தண்ணீரை அளைந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று. தப்... தப்... ஜன்னல் இடுக்கு வழியாக அனுசியா பார்த்தாள். அடுத்த வீட்டிலும் விளக்கு அணைந்தது. அதற்கடுத்த வீட்டிலும். தெரு முழுக்க ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போயிற்று.

விடிந்தபோது உப்பு கரைந்து, மூட்டை வெறும் சாக்காக மிதந்தது. செந்தூர்வேலே போய் சாக்குகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டான். தங்கக்கனி நகரில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. ஓடைத்தெருவில் ஓட்டு வீடுகளின் தாழ்வாரம் வரை நின்றது. முத்துக்கனியை இரண்டு நாள் கழித்துக் கிழக்கே ஓர் உடைமரப் புதரில் எடுத்தார்கள். தண்ணீர் ஏறியதும் ஆள் கூப்பிட ரோட்டைத் தாண்டி வந்தாளாம், இழுத்துவிட்டதாம் என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும், அன்றைக்குக் கதவைத் தட்டியது அவள்தான் என்று செந்தூர்வேல் முடிவு கட்டிக்கொண்டான்.

அன்றைக்கே அண்டாவை வைத்தான். ஓடைத்தெரு முழுக்கச் சோறு போட்டான். எலுமிச்சம்பழச் சாதம், தக்காளிச் சாதம், பால், பிஸ்கட்... தண்ணீர் வடிகிறவரை, ஒரு வேளை தவறாமல். தன் தலையில் அண்டாவைச் சுமந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் போனான். யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். வெள்ளத்தில் ஊருக்குச் சோறு போட்ட வள்ளல். அப்புறம் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் சிவனாண்டி உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டிருந்தார். மேடையில் நின்ற செந்தூர்வேலுக்கு அந்தப் பொன்னாடையோடு பூமிக்குள் போய்விட மாட்டோமா என்று இருந்தது. ஆனாலும் சிரித்தான். போட்டோவில் சிரித்தபடிதான் இருக்கிறான்.

மறு வருஷம் மழைக்காலம் வந்தது. முதல் பெரிய மழை. ராத்திரி... கதவில் தப்... தப்... தப்...

"அண்ணாச்சி..."

செந்தூர்வேல் அசையவில்லை. அனுசியாவும் அசையவில்லை. இருவரும் விழித்துக்கொண்டு கிடக்கிறார்கள், இருவருக்கும் தெரியும், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கதவிடுக்கில் ஒரு வாடை வந்தது. சகதியும் உப்பும் சாக்கும் சேர்ந்த வாடை, குடோனில் மழைக்காலத்தில் அடிக்கிற அதே வாடை. பிறகு தட்டல் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அதற்கடுத்த வீட்டுக்கு. தெருக்கோடி வரை.

காலையில் பால் வாங்க எல்லாரும் வெளியே வந்தார்கள். இதுதான் வேடிக்கை, கேளுங்கள். அருணாசலவடிவு அண்ணாச்சிக்குக் கண் இரண்டும் கோவைப்பழம். "என்ன அண்ணாச்சி, நல்லாத் தூங்குனியளா?" என்று செந்தூர்வேல் கேட்டான். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன் வேலு. நீ?" "நானும்தான்." எதிர்வீட்டுக்காரரும் நல்ல தூக்கம் என்றார். பக்கத்து வீட்டு அம்மாவும் மழைக்கு நல்ல தூக்கம் வந்தது என்றாள். ஒருத்தர்கூட மற்றவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரு தெரு முழுக்க ஒரே பொய். பேயைவிட அந்தக் காலை நேரம்தான் அனுசியாவுக்குத் தாங்கவில்லையாம்.

அந்த மழைக்காலம் முழுக்க, மழை பெய்த ராத்திரி எல்லாம் இப்படித்தான். கோடை பிறந்ததும் செந்தூர்வேல் ஒரு முடிவுக்கு வந்தான். வீட்டைத் தூக்கிவிடுவது. ஜாக்கி வைத்து வீட்டை அப்படியே உயர்த்துகிறார்கள் அல்லவா, வடக்கே இருந்து வந்த ஆட்கள். நம் ஊரிலும் இப்போது நிறையப் பேர் செய்கிறார்கள். அஸ்திவாரத்தை அறுத்து, சுற்றிலும் ஜாக்கி கொடுத்து, திருகித் திருகி நாலடி ஏற்றிவிட்டார்கள். கீழே செங்கல் கட்டி, மண் நிரப்பி, ஏழு படிக்கட்டு வைத்து, மேலே போன வாசலுக்குப் புதுக் கதவும் போட்டாயிற்று. யார் கேட்டாலும் வெள்ளத்துக்காக என்றான். அனுசியாவுக்கு மட்டும் தெரியும். அந்தக் கையெட்டாத உயரத்துக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

போன ஐப்பசி. மழை வந்தது. இருவரும் கூடத்தில்தான் படுத்திருந்தார்கள். செந்தூர்வேல் புதுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவில் சத்தம் வரவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

தப்... தப்... தப்...

தரைக்குக் கீழே இருந்து.

பழைய கதவு எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில். மண் நிரப்பி மூடிய இடத்தில். அவன் முதுகுக்கு நேர் கீழே டைல்ஸ் அதிர்ந்தது.

"அண்ணாச்சி..."

அனுசியா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அதைப் பற்றி வாயைத் திறந்தாள்.

"நீங்க அன்னைக்குக் கதவத் தொறந்திருக்கலாம்."

"நீயுந்தான தொறக்கல" என்றான்.

"ஆமா. நானுந்தான் தொறக்கல. அதான் எனக்கும் கேக்கு."

செந்தூர்வேலுக்கு வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். கட்டிய பெண்டாட்டிக்கு முன்னால், இருட்டில், வேட்டி அவிழ்ந்து நிற்கிறவனைப் போல. எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு படி இறங்கினான். வாசலில் யாரும் இல்லை. ஆனால் தண்ணீரை அளைந்துகொண்டு ஒரு சத்தம் ரோட்டுப் பக்கம் போயிற்று. சளக்... சளக்... அவனும் பின்னாலேயே போனான். நான் முதலில் சொன்னேனே, அந்த ராத்திரி இதுதான். குழாயைத் தாண்டி, ஓடைத்தெருவுக்குள் இறங்கி, ஒரு வீட்டுக்கு முன்னால் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

சிவனாண்டியின் வீடு. கதவு மல்லாக்கத் திறந்து கிடந்தது. உள்ளே குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் எழுந்து, தன் துண்டை எடுத்து நீட்டினார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. இப்பிடி நனைஞ்சிருக்கியளே."

செந்தூர்வேல் துண்டை வாங்கவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டான். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, அன்னைக்குக் குழாய அடைச்சது நான்தான். என் குடோன் மூட்டை. முத்துக்கனி வந்து கதவத் தட்டுனா. நான் முழிச்சுத்தான் கெடந்தேன்."

சிவனாண்டி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கோபம் இல்லை அவர் முகத்தில்.

"மூட்டை ஒங்களதுன்னு தெரியும் அண்ணாச்சி. மறுநா நான் நீந்தித்தான் வீட்டுக்கு வந்தேன். தண்ணி வாய்க்குள்ள போச்சு. கரிச்சுது. மழைத்தண்ணி எங்கயாச்சும் கரிக்குமா? இந்தத் தெருவுல அத்தன பேருக்கும் தெரியும்."

அத்தனை பேருக்கும். செந்தூர்வேல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வாசல் வாசலாக நின்று தட்டை நீட்டிய அத்தனை பேருக்கும். மண்டபத்தில் கை தட்டிய அத்தனை பேருக்கும். ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்று கேட்க வாயெடுத்தான். அவரே சொன்னார். பிள்ளைகள் பசியில் கிடந்தார்கள், கேட்டிருந்தால் மறுவேளைச் சோறு வந்திருக்காது, அதுதான். இதைச் சொல்ல நேர்ந்ததற்கு அவர்தான் கூச்சப்பட்டார்.

ஓட்டில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அவ வந்து தட்டுனது எனக்குத் தெரியாது" என்றார் சிவனாண்டி. "இப்பவும் வாராளா?"

"மழை பெஞ்சா வாரா."

"இங்க வரலியே அண்ணாச்சி. ரெண்டு வருசமா கதவ அடைக்காமத்தான் கெடக்கேன்." பிறகு ஒரு கேள்வி கேட்டார். பச்சைப்பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டார். "மூஞ்சி எப்பிடி இருக்கு? மெலிஞ்சிருக்காளா?"

செந்தூர்வேல் அவள் தட்டுகிறபோது ஒரு தடவைகூடக் கதவைத் திறந்து பார்த்ததில்லையே. பார்க்கவில்லை என்று சொன்னான். அந்த மூன்று எழுத்துச் சொல்லைச் சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது என்று அனுசியாவிடம் பின்னால் சொன்னானாம்... சரி, மூன்று எழுத்தோ ஏழு எழுத்தோ, எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், கதையைக் கேளுங்கள். சிவனாண்டி அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். விடும்போது, அடுத்த மழைக்குத் தான் வந்து அவர்கள் வீட்டில் ஒரு ராத்திரி இருக்கலாமா என்று கேட்டார். தொந்தரவு பண்ண மாட்டேன், ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன், அவள் வந்தால் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பான்?

கார்த்திகையில் மழை பிடித்தது. பெரிய மழை இல்லை. இருட்டுகிற நேரத்துக்கு சிவனாண்டி வந்துவிட்டார். வெளுத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, படிய வாரி வந்திருந்தார். அதைப் பார்த்ததும் அனுசியா அடுக்களைக்குள் போய்ச் சேலையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சோபாவில் உட்காரச் சொன்னார்கள், அவர் தரையில்தான் உட்கார்ந்தார். காபி கொடுத்தாள், குடித்தார். மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தப்... தப்... தப்...

செந்தூர்வேல் நிமிர்ந்தான். அனுசியாவும் நிமிர்ந்தாள். சிவனாண்டி மட்டும் அப்படியே இருந்தார். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது.

"வந்துட்டாளா?"

அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து, காதைத் தரையில் வைத்தார். மறு காதை வைத்தார். உள்ளங்கையை விரித்து டைல்ஸைத் தடவிப் பார்த்தார். அவர் கைக்குக் கீழேயே அது தட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை.

"எனக்குக் கேக்கலியே... என்ன சொல்லுதா அண்ணாச்சி?"

"அண்ணாச்சிங்கா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. அண்ணாச்சி, அண்ணாச்சின்னுதான் கூப்பிடுதா."

சிவனாண்டி தலையைத் தரையிலிருந்து எடுத்தார். மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். செந்தூர்வேலின் முகத்தையே பார்த்தார்.

"அவ ஒங்கள அண்ணாச்சின்னு கூப்பிட மாட்டாளே. மொதலாளின்னுதான் சொல்லுவா. பதினாலு வருசமும் மொதலாளிதான்."

செந்தூர்வேல் யோசித்துப் பார்த்தான். குடோனில் முத்துக்கனி நிற்கிறாள், ஊசியைத் தலைமுடியில் தீட்டுகிறாள், ஏதோ கேட்கிறாள்... குரல் வரவில்லை. அவள் குரல் எப்படி இருக்கும் என்றே அவனுக்கு ஞாபகம் இல்லை. தினமும் பேசினவள். ஒரு நாள்கூட அவன் அவள் குரலைக் காதில் வாங்கியதில்லை. அனுசியாவைப் பார்த்தான். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கீழே அது தட்டிக்கொண்டேதான் இருந்தது. அண்ணாச்சி... அண்ணாச்சி...

"அப்ப இது வேற ஆளு" என்றார் சிவனாண்டி. "இந்தக் குழாய எந்த வெள்ளத்துல அடைக்காம விட்டாவ? எத்தன பேரு வந்து தட்டுனாவளோ." எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த ஆசையெல்லாம் வடிந்து போயிருந்தது. காபிக்கு அனுசியாவிடம் நன்றி மாதிரி ஏதோ சொன்னார். "அவ இங்க இல்ல தாயி. நான் வாரேன்."

படி இறங்கி, தூறலில் நனைந்துகொண்டு போனார். வழித்துணைக்குக் கூடப் போயிருக்கலாம். குடையாவது கொடுத்திருக்கலாம். செந்தூர்வேல் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. அவர் போகட்டும் என்றுதான் இருந்தான். அனுசியா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. கீழே தட்டல் நின்றது. திடீரென்று நின்றது, யாரோ வாயைப் பொத்தின மாதிரி. வீடு முழுக்க ஒரு அமைதி. படியிலும் இலையிலும் சொட்டுகிற சத்தம் மட்டும்...

தட். தட்.

கீழே இல்லை. மேலே. புதுக் கதவில்.

ஏழு படி ஏறி வந்து நின்று, விரலால் தட்டுகிற சத்தம். மூச்சு வாங்குகிறது. ஓடி வந்த மாதிரி. பிறகு குரல்.

"மொதலாளி... மொதலாளி... அவுக குழாய்க்குள்ள..."

அந்தக் குரலைக் கேட்டதும் செந்தூர்வேலுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. குடோன், ஊசி, சாக்கு, மொதலாளி நூல் தீந்து போச்சு, மொதலாளி லாரி வந்திருக்கு. அவளேதான். அனுசியா ஓடிப் போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டாள்.

"பொறு" என்றான் செந்தூர்வேல்.

அவனே சொல்ல நினைத்துச் சொல்லவில்லையாம். வாய் தானாகச் சொன்னதாம். பொறுத்தார்கள். தட்டல் ரொம்ப நேரம் இருந்தது. அவசரமாகத்தான் தட்டினாள், ஆனாலும் மரியாதையாக, சனிக்கிழமை கூலிக்கு வந்து நிற்கிறவள் தட்டுகிற மாதிரி. பிறகு படி இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

அனுசியா இப்போது ஆத்தூரில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஜெயகணேஷிடம் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். "அவுக பொறுன்னாக, சரி. தாழ்ப்பாள் என் கையிலதான இருந்துச்சு... நான் எதுக்குப் பொறுத்தேன்?"

காலையில் சிவனாண்டியைக் குழாய்க்குள் இருந்து எடுத்தார்கள். நெஞ்சு முழுக்கத் தண்ணீர் குடித்திருந்தார் என்று சொன்னார்கள். குழாயில் அன்றைக்குக் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை.